ஆடாத ஆட்டம்

லீக் பட்டம் ஒரு அணிக்கு. நாக்-அவுட் கோப்பை இன்னொரு அணிக்கு. இரண்டில் யார் பெரியவர்? கால்பந்து ஆடும் நாடுகளில் ‘சூப்பர் கோப்பை’ என்ற பெயரில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் ஆட்டம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதாகப் பேர். உண்மையில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. முப்பத்திச் சொச்சம் ஆட்டங்கள் ஆடி வாங்கிய பட்டத்தை ஒரே ஒரு மாலைப் பொழுதில் பறித்துவிட முடியாது. தோற்றவர்கள் “பயிற்சி ஆட்டம்தானே” என்பார்கள். ஜெயித்தவர்கள் கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

விளையாட்டுக்குத் தேவைப்படாத ஆட்டம் மற்றவர்களுக்குத் தேவைப்படுகிறது. இங்கிலாந்தில் 1908-ல் இதை அறக்கொடைக்கென்று தொடங்கினார்கள். வசூல் கணக்கை ஒழுங்காகச் சொல்லவில்லை என்று அறநிலைய ஆணையம் பிடித்துக்கொள்ள, 2002-ல் கேடயத்தின் பெயரிலிருந்து ‘அறக்கொடை’ போய் ‘சமூகம்’ வந்தது. இத்தாலியர்கள் தங்கள் சூப்பர் கோப்பையை 1993-ல் வாஷிங்டனுக்கும் 2002-ல் லிபியாவின் திரிபோலிக்கும் கொண்டுபோனார்கள். ஸ்பெயின் 2020 ஜனவரியில் தன்னுடையதை சவூதியின் ஜித்தாவில் நடத்தியது. இரண்டு அணிகள் போதாதென்று நான்கு அணிகளாக்கிக்கொண்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கும் போகக்கூடிய ஆட்டம் இது.

துருக்கியும் அப்படித்தான். 1966-ல் குடியரசுத் தலைவர் கோப்பை என்று தொடங்கிய போட்டி, இடையில் நின்றுபோய், 2006-ல் சூப்பர் கோப்பையாக மீண்டும் வந்தபோது, துருக்கித் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த ஜெர்மனியில் மூன்று ஆண்டுகள் நடந்தது. அதிலாவது ஒரு நியாயம் இருந்தது. 2023-ல் கால்பந்து சம்மேளனம் தேர்ந்தெடுத்த ஊர் ரியாத்.

அந்த ஆண்டு லீக் சாம்பியன் கலத்தாசராய். கோப்பையை வென்றது ஃபெனர்பாச்சே. இரண்டும் இஸ்தான்புல் கிளப்புகள்தான். ஆனால் ஒன்று ஐரோப்பியக் கரையில், மற்றது ஆசியக் கரையில். நடுவில் ஓடுவது கடல் மட்டுமல்ல, நூற்றாண்டுப் பகையும்கூட. 1996-ல் ஃபெனர்பாச்சே மைதானத்தில் கோப்பையை ஜெயித்ததும், கலத்தாசராய் பயிற்சியாளர் கிரேம் சூனஸ் தன் கிளப் கொடியை மைதானத்தின் நட்ட நடுவில் ஊன்றிவிட்டார். அதை இரு தரப்பும் இன்னும் மறக்கவில்லை.

டிசம்பர் 29 அன்று இரு அணிகளும் ரியாத்தில் இருந்தன. துருக்கிக் குடியரசு பிறந்து நூறு ஆண்டு நிறைந்த வருடம் அது. ஆட்டத்துக்கு முன்னால் குடியரசை நிறுவிய கமால் அத்தாதுர்க்கின் படம் போட்ட சட்டை அணிந்து உடலைச் சூடேற்றிக்கொள்ளவும், அவருடைய வாசகம் ஒன்றைப் பதாகையில் ஏந்தி வரவும் அணிகள் விரும்பின. சவூதி தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை என்று செய்திகள் வந்தன. தேசிய கீதத்துக்கும் கொடிக்கும் சம்மதித்திருந்தோம், ஏற்கெனவே பேசியதை அணிகள்தான் மீறின என்றனர் விழா அமைப்பாளர்கள். ஆட்டம் நடக்கவில்லை. இரு அணிகளும் விமானம் ஏறிவிட்டன.

அந்த வாசகம் ‘யுர்த்தா சுல்ஹ், ஜிஹாந்தா சுல்ஹ்’. நாட்டில் அமைதி, உலகில் அமைதி என்று பொருள். சொற்களைப் புரட்டிப் பார்ப்பதே பிழைப்பாகிப்போனவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். அமைதியைக் குறிக்கும் ‘சுல்ஹ்’ அரபுச் சொல். அக்பரின் ‘சுல்-இ-குல்’ என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததும் இதுதான். உலகத்தைக் குறிக்கும் ‘ஜிஹான்’ பாரசீகம். ஷாஜஹானின் பெயரில் இருக்கும் அதே ஜஹான். துருக்கியிலிருந்து அரபு எழுத்தை 1928-ல் அகற்றியவர், அரபு, பாரசீகச் சொற்களைக் களையெடுக்க மொழிக் கழகம் கண்டவர் அத்தாதுர்க். நம் தனித்தமிழ்க்காரர்களுக்கு அண்ணன் முறை. அவருடைய புகழ்பெற்ற வாசகமே கடன் வாங்கிய சொற்களில்தான் நிற்கிறது. அந்த அரபுச் சொல்லுக்கு அரபு மண்ணில் இடம் கிடைக்கவில்லை.

சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்பதா சிக்கல்? சொன்னவர் யார் என்பதுதான் சிக்கல். 1924-ல் கிலாபத்தை ஒழித்தவர் அவர். ஆனால் இது டிசம்பர் 29-ல் திடீரென்று தெரியவந்த ரகசியம் இல்லையே! குடியரசின் நூற்றாண்டில் நாட்டின் இரு பெரும் கிளப்புகளின் ஆட்டத்தை வெளிநாட்டுக்கு ஏலம் போட்டபோதே யோசித்திருக்க வேண்டியது. வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபத்தில் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள்.

எப்படியோ, நூறு ஆண்டுப் பகையாளிகள் ஒரே முடிவுக்கு வந்த அபூர்வ நாள் அது. ஊர் திரும்பியவர்களைக் கூட்டம் விமான நிலையத்தில் வரவேற்றது. கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும்.

ஒத்திப்போட்ட ஆட்டத்தை 2024 ஏப்ரல் 7 அன்று ஷான்லி உர்ஃபாவில் வைத்தார்கள். சிரியா எல்லைக்கு அருகே உள்ள ஊர். 2023 பிப்ரவரியில் துருக்கியில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பூகம்பம் உலுக்கிய பகுதி. அடுத்த மாதமே வெள்ளமும் வந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு இஸ்தான்புல்லின் இரு பெரும் அணிகளைத் தங்கள் மைதானத்தில் பார்ப்பது எப்போதோ கிடைக்கும் வாய்ப்பு.

ஃபெனர்பாச்சேக்குக் கோபங்கள் இருந்தன. எல்லாம் கற்பனை அல்ல. மார்ச் 17 அன்று டிராப்ஸோனில் அது ஜெயித்ததும், உள்ளூர் ரசிகர்கள் களத்தில் புகுந்து வீரர்களைத் தாக்கினார்கள். உள்ளூர் நடுவர்கள்மீது அந்தக் கிளப்புக்கு நம்பிக்கை இல்லை. வெளிநாட்டு நடுவர் கேட்டது. ஐரோப்பியப் போட்டி நெருங்குவதால் தேதியை மாற்றச் சொன்னது. சம்மேளனம் இரண்டுக்கும் இணங்கவில்லை. எனவே உர்ஃபாவுக்குப் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பையன்களை அனுப்பியது. முதல் நிமிடத்திலேயே கலத்தாசராயின் இக்கார்டி கோல் அடித்தார். பையன்கள் களத்தை விட்டு வெளியேறினார்கள். அவ்வளவுதான் ஆட்டம். வந்த கூட்டத்துக்காக கலத்தாசராய் வீரர்கள் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து கொஞ்ச நேரம் ஆடிக் காட்டினார்கள். ஏட்டில் 3-0 என்று பதிவாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு ஐந்து நாள் முன்பு, ஏப்ரல் 2 அன்று, லீக்கிலிருந்தே விலகுவதா என்று ஃபெனர்பாச்சே உறுப்பினர்கள் கூடிப் பேசினார்கள். முடிவைத் தள்ளிவைத்தார்கள். உர்ஃபாவுக்கு நான்கு நாள் கழித்து கிரீஸில் ஒலிம்பியாகோஸுக்கு எதிரான ஐரோப்பியக் காலிறுதியைப் பெரியவர்களை வைத்தே ஆடினார்கள். லீக்கையும் கடைசிவரை ஆடி, 99 புள்ளிகள் எடுத்து, 102 எடுத்த கலத்தாசராய்க்கு அடுத்ததாக வந்தார்கள். விலை அதிகமான இடத்தில் பொறுமை, மலிவான இடத்தில் போராட்டம். சூப்பர் கோப்பையை விட்டுக்கொடுத்தால் கிளப்புக்குப் பெரிய நஷ்டம் இல்லை. நஷ்டம் முழுவதும் உர்ஃபாவில் டிக்கெட் வாங்கியவனுக்கு.

ரியாத்தில் ஆடாததற்குக் கைதட்டலாம். தாங்கள் யார் என்பதை விற்க மாட்டோம் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். உர்ஃபாவில் ஆடாததற்குக் கைதட்ட முடியாது. சம்மேளனத்தின் மேல் உள்ள கோபத்தைப் பூகம்பம் கண்ட ஊரின்மேல் காட்டியதுதான் மிச்சம். பணம் கொடுத்தவனின் மண்டபத்தில் தன்மானம் நினைவுக்கு வருகிறது. பணமில்லாதவன் வீட்டு முற்றத்தில் மரியாதை மறந்துபோகிறது.

அடுத்த சூப்பர் கோப்பை 2024 ஆகஸ்ட் 3 அன்று இஸ்தான்புல்லிலேயே நடந்தது. பெஷிக்தாஷ் 5-0 என்று கலத்தாசராயை வென்றது. மைதானத்தின் பெயர் அத்தாதுர்க் ஒலிம்பிக் ஸ்டேடியம். உர்ஃபாவுக்கு அந்த இரு அணிகளும் இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி வைத்திருக்கின்றன.