தகுதிச் சுற்றுக்கும் மாற்று நாள் வேண்டும்

டி20 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றுகளில், முன்னேறும் அணியை மாற்றக்கூடிய ஆட்டம் எதுவும் மழையோடு முடிந்துபோகக் கூடாது. அதை ஆடி முடிக்க மாற்று நாள் ஒதுக்குவதை ஐசிசி விதியாக்க வேண்டும். இதுவே எங்கள் கிரிக்கெட் ரசிகர் சங்கத்தின் நிலைப்பாடு.

2015 தகுதிப் போட்டி அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்தது. மாலஹைடில் இறுதி ஆட்டம் மழையில் போனது. நெதர்லாந்தும் ஸ்காட்லாந்தும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. இரண்டும் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டதால் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் அடுத்த ஆண்டு வந்தது. 2016 மார்ச்சில் தர்மசாலாவில் உலகக் கோப்பையின் முதல் சுற்று. நான்கு அணிகளில் ஒன்றுதான் அடுத்த கட்டமான சூப்பர் 10க்குப் போக முடியும். நெதர்லாந்து வங்கதேசத்திடம் வெறும் 8 ரன்னில் தோற்றது. ஓமனுடனான அடுத்த ஆட்டத்தில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. அத்துடன் அவர்கள் வெளியே. கடைசியாக அயர்லாந்தை 6 ஓவர் ஆட்டத்தில் வென்றார்கள். அந்த வெற்றியால் எந்தப் பயனும் இல்லை.

பெரிய அணிகளுக்கு அடுத்த மாதமே இன்னொரு தொடர் காத்திருக்கும். டெஸ்ட் தகுதி இல்லாத அசோசியேட் நாடுகளுக்கு அப்படியில்லை. 2025 ஜூலையில் நெதர்லாந்தில் நடந்த ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் இத்தாலியும் ஜெர்சியும் தலா 5 புள்ளி எடுத்தன. கடைசிப் பந்தில் ஸ்காட்லாந்தை வென்றும் ஜெர்சிக்கு இடமில்லை. நெட் ரன் ரேட்டில் இத்தாலி முன்னேறியது. இத்தாலி அந்த இடத்தை முறையாகவே பெற்றது. ஆனால் இடைவெளி இவ்வளவு குறுகியிருக்கும்போது, ஆடாத ஆட்டத்துக்கு ஆளுக்கொரு புள்ளி பிரித்துக் கொடுப்பது சரியாகாது.

களத்தில் முடிவாகும் தகுதிச் சுற்று என்ன தரும் என்பதற்கு உகாண்டா சாட்சி. 2023இல் நமீபியாவில் ஜிம்பாப்வேயை வீழ்த்தி அந்த அணி முதல்முறையாக உலகக் கோப்பைக்கு வந்தது. 2024 ஜூனில், கயானாவில், 43 வயது ஃபிராங்க் என்சுபுகா பப்புவா நியூ கினிக்கு எதிராக 4 ஓவரில் 2 மெய்டனோடு 4 ரன் மட்டும் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். நமீபியாவில் அந்த ஆட்டத்தை மழை கெடுத்திருந்தால் இந்த நான்கு ஓவர்களை நாம் பார்க்காமலே போயிருக்கலாம்.

செலவு கூடும் என்பார்கள். கூடத்தான் செய்யும்: விடுதி, மைதானம், நடுவர்கள். அதைச் சிறிய வாரியங்களின் தலையில் கட்டாமல் ஐசிசியே ஏற்க வேண்டும். 2024 உலகக் கோப்பையில் முதல் அரையிறுதிக்கும் இறுதி ஆட்டத்துக்கும் மாற்று நாள் ஒதுக்கியவர்களுக்கு இது புதிய யோசனையும் அல்ல.

எல்லா ஆட்டங்களுக்கும் மாற்று நாள் கேட்கவில்லை. சுற்றின் முடிவில் இரண்டு நாள் காலியாக இருக்கட்டும். கைவிடப்பட்டவற்றில் தகுதியைத் தீர்மானிக்கும் ஆட்டங்கள் மட்டும் அப்போது நடக்கட்டும். ஓர் அணிக்கு 5 ஓவர் கிடைத்தாலே டி20யில் முடிவு செல்லும் என்பதால் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களைக்கூட முடிக்கலாம். அசோசியேட் அணிகளின் வீரர்களில் பலர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வருபவர்கள். எனவே அட்டவணை வெளியாகும்போதே அந்த இரண்டு தேதிகளும் அதில் இருக்க வேண்டும்.