நான்கு பேர் இருந்தால்தான் கணக்கு

சின்னம்மாவின் மூக்குக் குழாய் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு கழன்று விழுந்தது. பார்த்துக்கொள்ள வந்திருந்த பெண் அதைக் கழுவித் திரும்பவும் மூக்கில் செருகிவிட்டு, பால் ஊற்றத் தயாரானார். அந்த நேரம் பார்த்துச் சிங்கப்பூரிலிருந்து தம்பி கைப்பேசியில் முகம் பார்த்துப் பேச அழைத்தான். அவன் மனைவி தாதியாக வேலை செய்தவள். "அக்கா, ஊத்தாதீங்க! அப்படியே வைங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில்தான் அன்று சின்னம்மா தப்பினார்.

அந்தக் குழாய் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக் குழாய்க்குள் போயிருந்தால், ஊற்றுகிற பால் நேராக நுரையீரலுக்குப் போகும். உயிரே போய்விடலாம். பயிற்சி பெற்ற தாதி குழாயைப் போட்டதும் கொஞ்சம் வயிற்றுச் சாறை உறிஞ்சி எடுத்து, அதில் அமிலம் இருக்கிறதா என்று சோதிப்பார். ஐயம் இருந்தால் எக்ஸ்ரே எடுப்பார்கள். இதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. "முந்தின வீட்டுல இப்படித்தான் பார்த்தேன் அண்ணே" என்றார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். தொழிற்சாலை வேலை போனபின் இந்த வேலைக்கு வந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். 'அனுபவமுள்ள தாதி' என்று சொல்லி அவரை அனுப்பிவைத்த ஏஜெண்டைத்தான் கேட்க வேண்டும். கேட்டோம். மறுநாளிலிருந்து அந்த எண் அழைப்பை எடுக்கவில்லை.

சரி, எங்கே புகார் செய்வது என்று விசாரித்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. நம் நாட்டில் பராமரிப்பு மையங்களுக்கு 1993-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சமூக நலத்துறையில் பதிவு, சோதனை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின்படி நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கியிருந்தால்தான் அது தங்கும் பராமரிப்பு மையம். 2018-இல் அரசிதழில் வெளியான தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புச் சட்டமும் நிலையங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுதான். கெமாஸில் தன் வீட்டுக் கட்டிலில் ஒற்றை ஆளாகக் கிடக்கும் என் சின்னம்மா இந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் படுத்திருக்கும் அறையைப் பார்வையிட எந்த அதிகாரியும் வரப்போவதில்லை.

சின்னம்மா நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். வேலையில் இருந்தவரை அவர் ஒரு கணக்கில் இருந்தார். தொழிலாளிக்கும் அவரை நம்பியிருப்பவர்களுக்கும் முதலாளி மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் சொல்கிறது. அதற்கும் முன்பே தோட்டத்து டிரஸ்ஸரை நமக்குத் தெரியும். எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே கலர் தண்ணீர் கொடுத்தார் என்று கிண்டல் செய்வோம். ஆனால் அவர் மேசையில் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. யார் வந்தார், என்ன நோவு, என்ன மருந்து என்று எழுதாமல் யாரையும் அனுப்பமாட்டார். பெரிய டாக்டர் வந்தால் முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுவார். சின்னம்மாவுக்கு இப்போது மாதம் சில ஆயிரம் வெள்ளி செலவாகிறது, அப்படி ஒரு புத்தகம் இல்லை.

கெமாஸ் ரயில் சந்திப்பு ஊர். கிழக்குக் கரைப் பாதையும் மேற்குக் கரைப் பாதையும் சேரும் இடம். சுற்றுவட்டாரத் தோட்டப் பிள்ளைகள் பலர் இங்கிருந்துதான் ரயிலேறிக் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் போனார்கள். 2013-இல் சிரம்பான் - கெமாஸ் மின்சார இரட்டைத் தண்டவாளம் முடிந்ததிலிருந்து தீபாவளிக்கு வந்து போவது எளிதாகிவிட்டது. அம்மாவை இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைக்க எந்த ரயிலும் உதவாது. பெரிய நகரத்தில் ஓர் ஆள் சரியில்லை என்றால் மாலைக்குள் இன்னொருவர் கிடைப்பார். இங்கே சிரம்பானிலிருந்தோ மலாக்காவிலிருந்தோ வரவேண்டும். அதனால் கிடைத்தவரை எதுவும் கேட்காமல் வைத்துக்கொள்கிறோம். கேட்டால் போய்விடுவாரோ என்ற பயம்.

கேட்க வேண்டியது முதலில் ஒன்றுதான். வருபவர் தாதியா, பராமரிப்பாளரா? வெள்ளைச் சட்டை போட்டால் 'மிசி' என்று கூப்பிடுவது தோட்டத்திலிருந்து வந்த பழக்கம். ஆனால் 1950-ஆம் ஆண்டின் தாதியர் சட்டப்படி, தாதி என்பவர் தாதியர் வாரியத்தில் பதிவு பெற்றவர். ஒவ்வோர் ஆண்டும் தொழில் செய்வதற்கான சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். தாதி என்று சொல்பவரிடம் பதிவு எண்ணையும் இந்த ஆண்டுச் சான்றிதழையும் கேட்பது மரியாதைக் குறைவல்ல. பராமரிப்பாளர் என்றால் அதுவும் நல்லதே. குளிப்பாட்டுவது, உணவு கொடுப்பது, துணி மாற்றுவது, புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவது, இவையெல்லாம் சின்ன வேலையா? மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் போடுவதும் ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் மட்டும் அவர் வேலையல்ல. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி.

படுத்த படுக்கையானவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவையைச் சுகாதார அமைச்சு 2014-இல் தொடங்கியது. அரசு கிளினிக்கிலிருந்து குழுவாக வருவார்கள். வீட்டிலிருப்பவருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே அதற்குப் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. பில்லைக் கட்டி, வேன் பிடித்து, அழைத்து வந்துவிட்டோம்.

இன்னொன்று, எனக்கே உறைத்தது. அந்தப் பெண்ணுக்கு நாங்கள் ஒரு நாள்கூட முழு ஓய்வு கொடுக்கவில்லை. சின்னம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். இரவில் நான்கு முறை எழுந்தவர் காலையில் மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் அது யார் குற்றம்? கனமான உடம்பைத் தனியாகத் தூக்கி அவர் இடுப்பு பிடித்துக்கொண்டால் யார் பொறுப்பு? 2021 ஜூன் 1 முதல் வீட்டுப் பணியாளரைச் சொக்சோவில் பதிய வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. ஆனால் பெற்றோர் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை வரிக் கழிவு உண்டு என்பது மட்டும் எல்லாருக்கும் நினைவிருந்தது! அதற்கும் மருத்துவர் சான்றும் ரசீதும் வேண்டும். ஏஜெண்டு ரசீதே கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இப்போது வேறொருவர் வருகிறார். பஹாவ்காரர், பராமரிப்புப் பயிற்சி எடுத்தவர். ஞாயிறு விடுமுறை, அன்று எங்களில் ஒருவர் முறை வைத்துப் போகிறோம். மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. புரட்டிய நேரம், கொடுத்த பால், மாத்திரை, சிறுநீர், முதுகில் சிவப்பு தெரிந்ததா, எல்லாம் அதில். குழாய் கழன்றால் கூப்பிட வேண்டிய எண்கள் அட்டையில் ஒட்டியிருக்கின்றன. முதல் வாரம் அந்த அம்மாவுக்கு எழுதுவது பிடிக்கவில்லை. தன்னை நம்பவில்லை என்று நினைத்துவிட்டார். போன ஞாயிறு நான் போய், மதியப் பாலைக் கொடுத்துவிட்டு எழுத மறந்துவிட்டேன். திங்கள் காலை வந்தவர் என் பெயரைப் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி இட்டு, எனக்குப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.