நூலக மூலையில் இரண்டு கணினிகள்

நமது சங்கத்தின் சென்ற செயற்குழுக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். நூலக மூலையில் இரண்டு பழைய கணினிகளை வைத்து, அவற்றில் லினக்ஸ் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை ஒரு மணி நேரம் விளையாட விடலாம் என்பதே அது. சிலர் சிரித்தார்கள். ஒரு நண்பர் மட்டும், "சார், பிள்ளைகள் செல்போனில் ஆடுவது போதாதா? தமிழ்ச் சங்கம் தமிழுக்கா, வீடியோ கேமுக்கா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். சில மாதங்களுக்கு முன்வரை நானும் அந்த நண்பரின் கட்சிதான். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேரன், பாட்டியின் செல்போனில் ஆடிய ஓர் ஆட்டத்தில் 3,800 ரூபாயைத் தொலைத்தான். இலவசம் என்று தொடங்குகிற ஆட்டம் அது. பிறகு பெட்டி பெட்டியாக விற்கிறது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது பணம் கொடுத்த பிறகுதான் தெரியும். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டை ஒழித்தபோது நம்மில் பலர் மகிழ்ந்தோம். அதே சீட்டு வண்ணப் பெட்டியாக வேடம் மாற்றிக்கொண்டு நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. நல்லதுதான். ஆனால் பதின்மூன்று வயதுப் பையன் மாலை நேரத்தில் என்ன செய்வான் என்பதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் கிடையாது. நாங்கள் செல்போனைப் பிடுங்கி வைத்தோம். அவன் பேச்சையே நிறுத்திவிட்டான்.

அந்தச் சமயத்தில், 2014-ல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று காயலான் கடைக்குப் போகக் காத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது; அடுத்த விண்டோஸ் அந்தப் பழைய இயந்திரத்தில் ஏறாது என்று கடைக்காரர் கைவிரித்தார். மகன் அதில் லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுத்தான். லினக்ஸ், 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கி, இன்று உலகமெங்கும் பலர் சேர்ந்து வளர்த்துவரும் அமைப்பு. காசு கிடையாது. உள்ளே என்ன ஓடுகிறது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். தண்டவாளப் பராமரிப்பில் 38 ஆண்டுகள் கழித்த எனக்கு, மூடி திருகப்படாத இயந்திரம் என்றாலே ஒரு மரியாதை உண்டு.

அதில் ஓடும் ஆட்டங்களைத் தேடினோம். பெரிய நிறுவனங்களின் தயவில்லாமல் இரண்டு பேர், நாலு பேர் சேர்ந்து சொந்தப் பொறுப்பில் செய்யும் ஆட்டங்களை 'இண்டி' என்கிறார்கள். 2008-ல் கைல் கேப்ளர், ரான் கார்மல் என்ற இருவர் உருவாக்கிய 'வேர்ல்ட் ஆஃப் கூ' அப்படி ஒன்று. பசை உருண்டைகளை ஒன்றோடொன்று கோத்துக் கோபுரமும் பாலமும் கட்டவேண்டும். சதுரமாகக் கோத்தால் சாயும். முக்கோணமாகக் கோத்தால் நிற்கும். டிப்ளமோ படிக்கும்போது நான் மனப்பாடம் செய்து எழுதிய பாடத்தை, ஆறு முறை பாலம் இடிந்து விழுந்த பிறகு பேரன் தானாகவே கண்டுபிடித்தான்.

நியூஸிலாந்தின் வெலிங்டன் நகரில் இரு சகோதரர்கள் தொடங்கிய 'மினி மெட்ரோ' இன்னொன்று. 2015-ல் வெளிவந்தது. லண்டன் பாதாள ரயிலுக்கு ஹாரி பெக் வரைந்து 1933-ல் வெளியான படம் போலவே திரை இருக்கும். நிலையங்கள் பெருகும், கூட்டம் சேரும், நம்மிடம் இருப்பதோ சில வண்டிகள்தான். பம்பாய் நகரமும் அதில் உண்டு. உத்தியோக காலத்தில் எந்த அதிகாரியும் தராத நெருக்கடியை அது எனக்குத் தந்தது.

மூன்றாவது 'ஓப்பன் டி.டி.டி.' ஸ்காட்லாந்துக்காரரான கிறிஸ் சாயர் 1990-களில் எழுதிய ஆட்டத்தை ஒட்டி, 2004 முதல் ஆர்வலர்கள் இலவசமாக வளர்த்துவருவது. இருப்புப்பாதை போடலாம், கைகாட்டி நடலாம், சரக்கு ஏற்றலாம்.

ஒருநாள் பேரன் கட்டிய சந்திப்பில் பதினோரு வண்டிகள் நின்றுவிட்டன. "காடி அட்டக் கயீ, தாத்தா" என்று வழக்கம்போல் இந்தியில் கூப்பிட்டான். பார்த்ததுமே எனக்குக் காரணம் புரிந்தது. சொல்லவில்லை. "எந்த வண்டி முதலில் நின்றது?" என்று மட்டும் கேட்டேன். அரைமணி நேரம் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தவன், "தாத்தா, இந்த வண்டியோட வால் வெளியே நிக்குது. அதனாலதான் மத்த வண்டி போக முடியல" என்றான். பாதைகள் பிரியும் இடத்தைத் தாண்டியதும் கைகாட்டியை மிக அருகில் நட்டிருந்தான். முன்னால் சரக்கு வண்டி நின்றால் அதன் பின்பெட்டிகள் சந்திப்பை அடைத்துக்கொள்ளும். நிஜ ரயில்வேயில் இதற்காகவே ஃபவுலிங் மார்க் என்று ஒரு குறி வைத்திருப்போம். வண்டி முழுவதும் அதற்கு இப்பால் அடங்க வேண்டும். கைகாட்டியை ஒரு வண்டி நீளம் தள்ளி நட்டான். பதினொன்றும் நகர்ந்தன.

வண்டி நகர்ந்ததைவிட, அவன் சொன்ன அந்த 'அதனாலதான்' எனக்குப் பெரிதாகப் பட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது என்பதில்லை. "சாப்பிட்டாச்சு", "குளிச்சாச்சு", "வரமாட்டேன்" எல்லாம் தெரியும். காரணம் காட்டி வாதாடும் தமிழ்தான் இல்லை. 'ஏன்', 'அப்படியானால்', 'இருந்தாலும்' என்ற சொற்கள் வரும் இடத்தில் இந்திக்கோ ஆங்கிலத்துக்கோ தாவிவிடுகிறார்கள். பாடப்புத்தகத்தால் மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. அவர்கள் மனம் வைத்த ஒரு விஷயத்தைப் பற்றி, கேட்க ஆளிருக்கும்போதுதான் அந்தத் தமிழ் வரும். செல்போனில் தனியே ஆடும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஆளில்லை. மேசைக் கணினி முன்னால் இரண்டு நாற்காலி போடலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பலர் சேர்ந்து மோதும் சில பெரிய ஆட்டங்கள், ஏமாற்றுவதைத் தடுக்கும் அவற்றின் கண்காணிப்பு ஏற்பாடு காரணமாக லினக்ஸில் ஓடுவதில்லை. லினக்ஸ் போட்டுவிட்டால் சூதாட்டம் உள்ளே நுழையாது என்பதும் இல்லை. பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். நேரக் கட்டுப்பாடும் தேவை. மினி மெட்ரோவில் இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்தான், பேரன் அல்ல.

"இலவசத்தைத் தேடுகிறவர்கள்தானே லினக்ஸ்காரர்கள்?" என்றும் ஒருவர் கேட்டார். 2010 மே மாதம் சில இண்டி ஆட்டங்களை ஒன்றாகக் கட்டி, விரும்பிய விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று விற்றார்கள். சராசரியில் அதிக விலை கொடுத்தவர்கள் லினக்ஸ்காரர்களே. செய்தவன் கையை மதிக்கும் பழக்கம் அது. பிள்ளைகளிடமும் அதை வளர்க்கலாம். மினி மெட்ரோவை ஒருமுறை பணம் கொடுத்துத்தான் வாங்கினோம். அதன்பின் அது நம்மிடம் கைநீட்டவில்லை.

இன்னொரு காரியமும் இருக்கிறது. ஓப்பன் டி.டி.டி. ஆட்டத்தில் மொழிகளின் பட்டியலில் தமிழும் உண்டு. முகம் தெரியாத யாரோ சிலர் ஊதியமின்றி மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஆனால் இடையிடையே ஆங்கிலம் எட்டிப் பார்க்கிறது. நம் சங்கத்தில் ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் பலர். கைகாட்டி, தண்டவாளம், பணிமனை, சரக்கு வண்டி என்று வாயாரப் பேசியவர்கள். அந்த வெற்றிடங்களை நிரப்பத் தகுதியானவர்கள் நாம்தான். நாம் சொல்லைச் சொல்லலாம். பிள்ளைகள் தட்டச்சு செய்யட்டும்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய கணினி இருந்தால் சங்கத்துக்குக் கொடுங்கள். ஏற்றிக் கொடுக்க என் மகன் இசைந்திருக்கிறான். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் உடனிருக்க நான் தயார். நிபந்தனை ஒன்றே ஒன்று: எந்த ஆட்டமும் ஆடலாம், ஆனால் வண்டி ஏன் நின்றது என்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்ட நண்பரையும் அழைக்கிறேன். அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.