இயேசு என்னும் பெயரில் ஜீயஸ் இல்லை

இயேசு என்ற பெயர் கிரேக்கரின் தலைமைக் கடவுள் ஜீயஸின் பெயரைத் திரித்து உண்டாக்கப்பட்டது என்ற கூற்று நெடுநாளாகப் பரவி வருகிறது. கிரேக்க வடிவமான ‘இயேசூஸ்’ ஜீயஸின் பெயரில் முடிகிறது என்பார்கள். உரோமத் திருச்சபை பிற்காலத்தில் அதைப் புகுத்தியது என்பார்கள். ‘ஜே’ என்ற எழுத்தே இல்லாத காலத்தில் ‘ஜீசஸ்’ எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். மூன்றில் ஒன்றும் நிற்காது.

புகுத்தல் வாதம் காலக்கணக்கிலேயே விழுந்துவிடுகிறது. எபிரேயத்தில் இப்பெயர் ‘யெஹோஷுவா’. யாவே மீட்கிறார் என்பது பொருள். பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பின் அது ‘யேஷுவா’ எனக் குறுகி வழங்கியதை எஸ்றா, நெகேமியா நூல்களில் காணலாம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டு முதல் யூதர்கள் தங்கள் மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, மோசேக்குப் பின் மக்களை நடத்திய யோசுவாவை ‘இயேசூஸ்’ என்றே எழுதினார்கள். முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பஸின் நூல்களிலும் இப்பெயர் கொண்ட யூதர் பலர் வருகிறார்கள். திருச்சபை தோன்றும் முன்பே யூத வீடுகளில் புழங்கிய பெயரைத் திருச்சபை எப்படிப் புனைந்திருக்கும்?

ஒலி ஒற்றுமை வாதத்துக்குக் கிரேக்க இலக்கணம் இடம் தரவில்லை. ‘ஜீயஸ்’ ஸீட்டா என்ற எழுத்தில் தொடங்குவது. ‘இயேசூஸ்’ என்பதில் அந்த எழுத்தே இல்லை, சிக்மாதான் உண்டு. கிரேக்கத்தில் ‘ஷ’ ஒலி இல்லாததால் அது ‘ஸ’ ஆனது. கடைசி ‘ஸ்’ ஆண்பாற் பெயர்களின் எழுவாய் விகுதி. மற்ற வேற்றுமைகள் பலவற்றில் அது உதிர்ந்து ‘இயேசூ’ என்று நிற்கும். எபிரேய ‘யெஹூதா’ கிரேக்கத்தில் ‘யூதாஸ்’ ஆனதும் இதே விகுதியால்தான். தமிழ் விவிலியம் யூதாஸில் அந்த ‘ஸ்’ஸை வைத்துக்கொண்டு இயேசுவில் விட்டுவிட்டது. ஜீயஸின் பெயர் வேற்றுமையில் ‘தியோஸ்’ என மாறும். அதனால் அக்கடவுளின் பெயரை உண்மையிலேயே தாங்கிய கிரேக்கப் பெயர்கள் தியோகெனேஸ், தியோதோரோஸ் போன்று அமைந்தன.

இவற்றையெல்லாம் விட வலுவான சான்று யூதர்களின் வரலாற்றில் இருக்கிறது. கி.மு. 175-ஐ ஒட்டி எருசலேமில் தலைமைக் குருவாகி, கிரேக்க வாழ்முறையை ஊக்குவித்த ஒருவர், இயேசூஸ் என்ற தம் பெயரை ‘யாசோன்’ என மாற்றிக்கொண்டதாக யோசேப்பஸ் குறிப்பிடுகிறார். இயேசூஸ் என்ற பெயரில் ஜீயஸ் ஒளிந்திருந்தால் கிரேக்கமயமாக விரும்பியவர் அதை ஏன் கைவிட வேண்டும்? அவர் காதுக்கு அது முழுக்க யூதப் பெயர். சில ஆண்டுகளில், கி.மு. 167-இல், யூதர்களை ஆண்ட கிரேக்க மன்னர் அந்தியோக்கஸ் எருசலேம் ஆலயத்தை ஒலிம்பிய ஜீயஸுக்கு உரியதாக்கியபோது யூதர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். ஜீயஸ் நுழைந்ததைப் பொறுக்காமல் உயிரைக் கொடுத்த ஒரு சமூகம், தன் மக்களுக்கு ஜீயஸின் பெயரை இட்டு வந்தது என்பது நம்பக்கூடியதன்று.

‘ஜே’ பற்றிய கேள்வி எழுத்தின் வரலாற்றைச் சேர்ந்தது. பெயரின் தோற்றத்தைச் சேர்ந்ததன்று. இலத்தீன் ‘ஐ’ எழுத்திலிருந்து ‘ஜே’ தனி எழுத்தாகப் பிரிந்தது 16, 17-ஆம் நூற்றாண்டுகளில். 1611-இன் ஆங்கில விவிலியமே ‘ஐ’ இட்டுத்தான் இப்பெயரை அச்சிட்டது. அதே எழுத்தில் தொடங்கும் பெயரை ஜெர்மானியர் ‘யேசுஸ்’ என்றும் ஸ்பானியர் ‘ஹெசூஸ்’ என்றும் இன்று ஒலிக்கிறார்கள்.

தமிழில் இதற்கு இணையாக உலவுவது, ‘ஈசன்’ என்பதே இயேசு ஆயிற்று என்ற கருத்து. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் ‘ஈசோ’, இசுலாமியரின் ‘ஈசா நபி’ ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆனால் ‘ஈசோ’ யேஷுவாவின் கிழக்குச் சிரியாக் வடிவம். ‘ஈசா’ குர்ஆனின் அரபுச் சொல். ஈசன் என்பதோ ஆளுதல் என்று பொருள்படும் ‘ஈஶ்’ என்ற சமஸ்கிருத வேரில் பிறந்தது. தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழங்கும் ‘சேசு’வும் ஈசனிலிருந்து வந்ததன்று, போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. ‘சேசு சபை’ என்ற துறவற சபையின் பெயரில் அது இன்றும் நிலைத்திருக்கிறது.