மானிட்டரை மாற்றும் முன் மேஜையைப் பாருங்கள்

நம் வணிகர்களில் பலர் தட்டைத் திரைக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் சில மளிகைக் கடைகளிலும் கிடங்குகளிலும், பின்பக்கம் பெருத்த பழைய பிக்சர் டியூப் மானிட்டர்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஓடுகிற பொருளைத் தூக்கி எறிய வியாபாரிக்கு மனம் வராது. அதில் தவறும் இல்லை. ஆனால் படம் கோணுகிறது, நெளிகிறது, ஓரத்தில் நிறம் மாறுகிறது என்றவுடன், என்னவென்று பாராமல் மெக்கானிக்குக் காசைக் கொடுப்பது சரியல்ல என்பது என் கருத்து. மூட்டையைப் பிரித்துப் பாராமல் சரக்கைத் திருப்பி அனுப்புவோமா?

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. திரையில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரிந்தால், பையன் தட்டிய விலை சரிதானா என்று பார்க்க வழியில்லை. பில்லில் ஒருமுறை தவறு கண்ட வாடிக்கையாளர் மறுமுறை நம் கடைப்படி ஏற யோசிப்பார்.

பிக்சர் டியூபுக்குள் எலெக்ட்ரான் கற்றையைக் காந்தச் சுருள்கள்தான் வளைத்துத் திரை முழுவதும் ஓட்டுகின்றன. ஆகவே வெளியிலிருந்து வேறு காந்தம் குறுக்கிட்டால் படம் கோணத்தான் செய்யும். நம் கல்லா மேஜையைப் பாருங்கள். பக்திப் பாடல் ஒலிக்கும் ஸ்பீக்கர் ஒருபக்கம், ஃப்ரீசரின் ஸ்டெபிலைசர் மறுபக்கம், யூ.பி.எஸ். மானிட்டரை ஒட்டியே! எங்கள் கடைவீதியில் ஒரு கடையில் மானிட்டர் மூலையில் ஊதாக் கறை படிந்தது. டியூப் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஸ்பீக்கரை மூன்றடி தள்ளி வைத்து, மானிட்டர் மெனுவில் உள்ள 'டீகாஸ்' வசதியை இயக்கியதும் கறை போய்விட்டது. செலவு ஒரு பைசா இல்லை.

பார்க்க வேண்டிய வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் மேஜை. ஸ்பீக்கர், ஸ்டெபிலைசர், யூ.பி.எஸ்., மோட்டார் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். படம் அலைபோல நெளிந்தால் பெரும்பாலும் பக்கத்து டிரான்ஸ்பார்மர்தான் காரணம். நிறக்கறை இருந்தால் டீகாஸ் செய்யுங்கள். அடுத்தடுத்து அழுத்திப் பயனில்லை. உள்ளிருக்கும் பாகம் ஆற அரை மணி நேரமாவது விட வேண்டும். டீகாஸ் பொத்தான் இல்லாத மானிட்டர்களில் பல, ஆறிய பிறகு சுவிட்சைப் போடும்போது தாமாகவே அதைச் செய்துகொள்ளும்.

இரண்டாவது கேபிள். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, 15 முள் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முள் வளைந்தோ தளர்ந்தோ இருந்தால் ஒரு நிறம் விடுபடும். நீலம் போனால் வெள்ளைத் திரை மஞ்சளாகும், பச்சை போனால் ஊதா கலந்த சிவப்பாகும், சிவப்பு போனால் நீலப்பச்சையாகும். எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து விழுந்தால், நீளமான இணைப்பு கேபிளைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது மாற்றிப் பார்ப்பது. பக்கத்துக் கடை மானிட்டரை நம் கம்ப்யூட்டரில், அதே இடத்தில் மாட்டுங்கள். அதிலும் கோளாறு தெரிந்தால் குறை கம்ப்யூட்டரிலோ சுற்றுப்புறத்திலோ இருக்கிறது. படம் சரியாக வந்தால் குறை நம் மானிட்டரிலோ அதன் கேபிளிலோதான். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் டியூபுக்கு விலை பேசும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம்.

இவ்வளவோடு நம் வேலை முடிந்தது. பின்மூடியைக் கழற்றும் துணிச்சல் யாருக்கும் வேண்டாம். கலர் டியூபுக்குள் 25,000 வோல்ட் வரை அழுத்தம் உண்டு. மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும். வெளிச்சத்தைக் கூட்டினால் படம் உப்புவது, முழுப்படமும் ஒரே கோடாகச் சுருங்குவது ஆகியவை உட்கோளாறின் அடையாளங்கள். உடனே நிறுத்திவிடுங்கள்.

உட்கோளாறு என்று உறுதியானால், பழைய பெட்டியின்மேல் மேலும் பணம் போட வேண்டாம் என்றே சொல்வேன். உதிரிபாகம் கிடைப்பது அரிது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். தட்டைத் திரைக்கு இந்தக் காந்தத் தொல்லை இல்லை, மின்சாரமும் குறைவு. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்பது நமக்குத் தெரியாததல்ல.

பழையதைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடுவதும் முறையல்ல. அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைத்தால் கேடு உடைப்பவருக்கும் மண்ணுக்கும்தான். மின்னணுக் கழிவுகளுக்கான 2022-ஆம் ஆண்டு விதிகள், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே சரி. ஒரு மானிட்டருக்காக அவர்கள் நம் கடைக்கு வருவது கடினம். சங்கம் ஆண்டுக்கு ஒருநாள் குறித்து எல்லாக் கடைகளிலிருந்தும் திரட்டி ஒப்படைத்தால் வேலை சுலபமாகும். நிர்வாகிகள் இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.