பெரிய எஞ்சின் வியாதி

ரேடியோ கண்ட்ரோல் விமானம் விடற மைதானத்துக்குப் புதுசா ஒரு பிளேன் வந்தா போதும், சுத்தி நிக்கறவங்க கேக்கற முதல் கேள்வி "எத்தனை சிசி?" ரெண்டாவது கேள்வி "இதைவிடப் பெருசு போட முடியாதா?" றெக்கை நேரா இருக்கா, வால் கோணலா இருக்கா, எஞ்சின் எப்படி உக்காந்திருக்குன்னு குனிஞ்சு பாக்கறவர் பத்துல ஒருத்தர்தான். பைக் ஷோரூம்ல கேட்டுப் பழகின கேள்வி இங்கேயும் ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். லூப், ரோல், தலைகீழாப் பறக்கறதுன்னு வானத்துல கோலம் போடற ஏரோபாட்டிக் மாடல்களுக்கு, எஞ்சின் எவ்வளவு பெருசுங்கறது மூணாவது கேள்வி. அதோட எடை என்ன, அது எந்தக் கோணத்துல இழுக்குது, இந்த ரெண்டும்தான் முதல் ரெண்டு கேள்விகள். "பவர் பத்தலை" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குப் பத்தாதது பவர் இல்லை, ஒரு வாஷர் :-)

முதல்ல அந்த நம்பர் மேட்டரை முடிச்சிடுவோம். எஞ்சின் பேர்ல வர்ற .46, .61, 1.20 எல்லாம் கன அங்குலக் கணக்கு. .46 என்றால் ஏறக்குறைய 7.5 சிசி, .61 என்றால் 10 சிசி, 1.20 என்றால் கிட்டத்தட்ட 20 சிசி. பெட்டி மேல ஒரு குதிரைத்திறன் போட்டிருக்கும். பக்கத்திலேயே பொடி எழுத்தில், அது எத்தனை ஆர்.பி.எம்மில் கிடைக்கும் என்றும் இருக்கும். .46 வகை டூ ஸ்ட்ரோக்குகளில் அது பெரும்பாலும் 16,000 பக்கம். ஆனால் நாம மாட்டற 11க்கு 6 ப்ரொப்பெல்லரோட அந்த எஞ்சின் தரையில சுத்தறது 12,000 சுமாருக்குத்தான். அதாவது பெட்டியில போட்டிருக்கற குதிரை லாயத்தை விட்டு வெளியே வர்றதே இல்லை.

எஞ்சின் தர்ற சக்தியைக் காத்துல வேலையா மாத்தறது ப்ரொப்பெல்லர். 11க்கு 6 என்றால் விட்டம் 11 அங்குலம். வழுக்காமல் போனால் ஒரு சுத்துக்கு 6 அங்குலம் முன்னேறும். 12,000 சுத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டர் கணக்கு வருது. அதே எஞ்சின்ல 12.25க்கு 3.75 மாட்டுங்க. அதே 12,000 சுத்தினாலும் 70 கிலோமீட்டரைத் தொடாது. ஆனா இழுவை நிமிர்ந்து நிக்கும், விமானம் மெதுவா, திடமா மேல ஏறும். எஞ்சின் ஒண்ணுதான், குணம் ரெண்டு. புது எஞ்சின் விலையோட ஒப்பிட்டா ப்ரொப்பெல்லர் விலை கொசுறு. இதை மாத்திப் பாக்காம எஞ்சினை மாத்தறவரைப் பாத்தா எனக்கு, கோடைத் திருத்தாம சர்வரை மாத்தச் சொல்ற மேனேஜர் ஞாபகம்தான் வருது.

"பெருசு போட்டா கைவசம் இருக்கட்டுமே, தேவைப்படும்போது முறுக்கிக்கலாம், இல்லேன்னா த்ராட்டிலைக் குறைச்சுக்கலாம்" என்பது வழக்கமான வாதம். த்ராட்டிலைக் குறைக்கலாம் சாமி, எடையை எப்படிக் குறைப்பீங்க?

ஒரு கணக்கு போடுவோம். புது எஞ்சின் பழசை விட 150 கிராம் அதிகம்னு வைங்க. அது ஈர்ப்பு மையத்துக்கு 30 செ.மீ. முன்னாடி இருக்கு. மூக்கு தொங்கும். சமப்படுத்த, 75 செ.மீ. பின்னாடி இருக்கற வாலில் 60 கிராம் ஈயம் வைக்கணும். மொத்தம் 210 கிராம் ஏறியாச்சு. சரி, 210 கிராம்தானேன்னு தோணும். இங்கதான் ப்ளஸ் ஒன் பிசிக்ஸ்ல மனப்பாடம் பண்ணி மறந்துபோன நிலைமத் திருப்புத்திறன் வந்து நிக்குது. அதில் தூரம் வர்க்கமாக வரும். வாலில் வெச்ச 60 கிராம் ஈயம், மூக்கில் ஏறின 150 கிராமை விட இரண்டரை மடங்கு அதிக நிலைமத்தைச் சேர்க்குது. விளைவு என்ன? ஸ்பின்னை நிறுத்தணும்னு ஸ்டிக்கை விட்டா, விமானம் இன்னும் கால் சுத்து சுத்திட்டுத்தான் நிக்கும். ஸ்னாப் ரோல் ஆரம்பிக்கவும் தயங்கும், முடிக்கவும் தயங்கும். இறங்கற வேகமும் கூடும். எடை 10 சதவீதம் ஏறினா ஸ்டால் வேகம் 5 சதவீதம் ஏறும். ஏரோபாட்டிக்ஸ் ஆடணும்னு எஞ்சினைப் பெருசாக்கி, ஆடற உடம்பைக் குண்டாக்கின கதை இது.

இதை உலகப் போட்டிகளோட சரித்திரமே சொல்லுது. எஃப்3ஏ என்பது எஃப்.ஏ.ஐ. நடத்தும் மாடல் ஏரோபாட்டிக்ஸ் வகுப்பு. முதல் உலகப் போட்டி 1960ல் சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் நடந்தது. ஜெயித்தவர் 'ஓரியன்' என்ற தன் சொந்த டிசைனோடு வந்த அமெரிக்கர் எட் காஸ்மிர்ஸ்கி. ரொம்ப காலம் இந்த வகுப்பில் எஞ்சினுக்கு 10 சிசி என்று உச்சவரம்பு இருந்தது. 1976ல் ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனம் எஃப்எஸ்-60 என்ற ஃபோர் ஸ்ட்ரோக்கைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. பின்னாடி ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 20 சிசி வரைக்கும் அனுமதி கிடைச்சுது. 1990களில் சிசி வரம்பையே எடுத்துட்டாங்க.

வரம்பு போனதும் ஆளாளுக்கு 50 சிசியைத் தூக்கிட்டு வந்தாங்களா? இல்லை. ஏன்னா ரெண்டு மீட்டர் நீளம், ரெண்டு மீட்டர் றெக்கை, 5 கிலோ எடை, சத்தத்துக்கு ஒரு அளவுன்னு மத்த வேலிகள் அப்படியே இருந்தன. சிசிக்குத் தடை இல்லாத இடத்திலும் எடைக்குத் தடை இருந்தது. அதனால எல்லாரும் தேடினது, குறைஞ்ச எடையில பெரிய ப்ரொப்பெல்லரை மெதுவா, சத்தம் இல்லாம சுத்தக்கூடிய எஞ்சினை. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் விமானம் ஒரே சீரான வேகத்தில் போகறதுதான் அழகு. பெரிய ப்ரொப்பெல்லர் ஏறும்போது இழுக்கும், இறங்கும்போது பிரேக் போடும். பிறகு எலெக்ட்ரிக் மோட்டார் இதே காரணத்துக்காகவே இந்த வகுப்பைப் பிடிச்சுது. இத்தனைக்கும் எரிபொருள் விமானத்தை டாங்க் காலியாக எடை போடுவாங்க, எலெக்ட்ரிக்கை பேட்டரியோட சேர்த்துப் போடுவாங்க. அந்தப் பாரபட்சத்தையும் மீறி ஜெயிச்ச சமாச்சாரம் அது.

இப்ப பொருத்தற கதைக்கு வருவோம். எஞ்சின் வாங்கறதுல காட்டற அக்கறையில் பத்தில் ஒரு பங்கு கூட இதுல நாம காட்டறதில்லைங்கறதுதான் என் ஆதங்கம்.

எஞ்சின் மவுண்ட் உட்காரும் பலகைக்குப் பேரு ஃபயர்வால். (நம்ம பொட்டியில இருக்கற ஃபயர்வால் இல்லீங்க, இது ப்ளைவுட்.) ப்ரொப்பெல்லர் சுத்தறதோட எதிர்வினை, அது சுருள் சுருளா வாலை நோக்கித் தள்ளற காத்து, இதெல்லாம் சேர்ந்து விமானத்தை இடது பக்கம் இழுக்கும். அதனால எஞ்சினை ரெண்டு, மூணு டிகிரி வலது பக்கம் பாக்கற மாதிரி வைக்கணும். வலதுன்னா பைலட் சீட்ல உக்காந்து பாத்தா வலது. இதுக்கு ரைட் த்ரஸ்ட்னு பேரு. இதே மாதிரி கொஞ்சம் கீழே பாக்கறது டவுன் த்ரஸ்ட்.

சரியா இருக்கான்னு பாக்க மீட்டர் எதுவும் வேண்டாம். காத்து இல்லாத காலை நேரத்துல, உங்களை விட்டு விலகிப் போற மாதிரி நேரா பறந்து, றெக்கை மட்டமா இருக்கும்போது முழு த்ராட்டிலில் செங்குத்தா மேல இழுங்க. ஸ்டிக்கை விட்டுட்டுப் பாருங்க. இடது பக்கம் சாயுதா? ரைட் த்ரஸ்ட் போதலை. வலது பக்கம் போகுதா? அதிகமாயிடுச்சு. ஒரு தடவை பாத்து முடிவு பண்ணாதீங்க, நாலைஞ்சு தடவை பாருங்க. மவுண்ட்டோட இடது பக்க போல்ட்டுகளுக்குப் பின்னாடி வாஷர் வெச்சா மூக்கு வலது பக்கம் திரும்பும். போல்ட்டுகளுக்கு நடுவுல 45 மி.மீ. இடைவெளி இருந்தா, ஒரு டிகிரிக்கு 0.8 மி.மீ. வாஷர் போதும். இது சரியில்லேன்னா ஒவ்வொரு தடவை ஏறும்போதும் ரட்டரால திருத்திக்கிட்டே இருக்கணும். பெரிய எஞ்சின் போட்டா? இடது பக்கம் இன்னும் வேகமா இழுக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது டாங்க். "தலைகீழாத் திருப்பினா எஞ்சின் நின்னுடுது, இந்தக் கம்பெனி எஞ்சினே மோசம்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். பம்ப் இல்லாத க்ளோ எஞ்சினில் டாங்கோட நடுக்கோடு கார்புரேட்டரின் ஸ்ப்ரே பார் மட்டத்திலோ, ஒரு பொடி கீழேயோ இருக்கணும். டாங்க் உயரத்தில் இருந்தா, நேரா பறக்கும்போது எரிபொருள் அதிகமா இறங்கும். தலைகீழானா டாங்க் எஞ்சினுக்குக் கீழே போயிடும், எரிபொருள் ஏற மாட்டேங்கும், எஞ்சின் சூடாகி நிக்கும். ஸ்பாஞ்சை ஒரு சென்டிமீட்டர் எடுத்துட்டா தீர்ற பிரச்சனைக்குப் புது எஞ்சின் ஆர்டர் போடறவங்க இருக்காங்க. ஒய்.எஸ். மாதிரி பம்ப் வெச்ச எஞ்சின்களின் பெரிய சவுகரியமே, டாங்கை ஈர்ப்பு மையத்துலயே வைக்கலாம்ங்கறதுதான். எரிபொருள் தீரத் தீர விமானத்தோட சமநிலை மாறாது.

பெட்ரோல் எஞ்சின் ஆசாமிகளுக்குத் தனி பாடம். அதிர்வு ஜாஸ்தி, ஸ்பார்க் இக்னிஷன் ரிசீவரை விட்டுத் தள்ளி இருக்கணும், போல்ட்டுகளுக்கு லாக் பசை கட்டாயம். க்ளோ எரிபொருளுக்குப் போடற சிலிக்கான் ட்யூப் பெட்ரோல்ல ஊறி உப்பிடும். பெட்ரோலுக்குன்னு இருக்கற ட்யூப்தான் போடணும். கவுலிங்ல காத்து நுழையற ஓட்டையை விட வெளியேறற ஓட்டை ரெண்டு மூணு மடங்கு பெருசா இருக்கணும். பல பேர் முன்னாடி மட்டும் ஓட்டையைப் பெருசாக்கிட்டு "இன்னும் சூடாகுதே"ம்பாங்க. உள்ளே வந்த காத்து எங்கே போகும்?

"நம்ம ஊரு வெயிலுக்குப் பெருசு போட்டாத்தான் சரி வரும்" என்பது இன்னொரு வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கு. 15 டிகிரியில் இருக்கற காத்தை விட 35 டிகிரி காத்து ஆறேழு சதவீதம் அடர்த்தி குறைவு. 900 மீட்டர் உயரத்தில் இருக்கற பெங்களூரில் உயரத்துக்காக இன்னொரு எட்டு சதவீதம் குறையும். ஆனா ப்ரொப்பெல்லர் தள்ளற காத்தும் அதேதான், அதோட சுமையும் குறையும். நீடிலை அந்தந்த ஊர்ல மறுபடியும் சரி பண்ணிக்கிட்டு ப்ரொப்பெல்லரை ஒரு படி மாத்திப் பாத்தாலே பெரும்பாலும் போதும். எட்டு சதவீத நஷ்டத்துக்கு முப்பது சதவீதம் பெரிய எஞ்சின் போடறது கணக்கு இல்லை, ஆசை.

3டி பறத்தல் மட்டும் விதிவிலக்கு, ஒத்துக்கறேன். ப்ரொப்பெல்லரிலேயே தொங்கிக்கிட்டு நிக்கணும்னா இழுவை எடையை விட நல்லாவே அதிகமா இருக்கணும். அங்கே பவர் அவசியம். ஆனா அந்த விமானங்களை முதல்லயே அந்த எஞ்சினுக்காக, அதுக்கேத்த ஃபயர்வாலோட, லேசாக் கட்டியிருக்காங்க. 3டி விமானத்தைப் பாத்துட்டு வந்து, சாதாரண .46 விமானத்தோட மூக்கைச் செதுக்கி .91 திணிக்கறது வேற கதை.

அந்த வேற கதைதான் எனக்குக் கவலை. ப்ளைவுட் ஃபயர்வால் ஒட்டியிருக்கறது எபாக்ஸியில. தயாரிப்பாளர் கணக்குப் போட்டதுக்கு மேல எடையும் அதிர்வும் கொடுத்தா, அது ஒரு நாள் பிச்சிக்கிட்டு வரும். மூக்கில இருந்து எஞ்சின் போச்சுன்னா ஈர்ப்பு மையம் வாலுக்குப் போயிடும், அதுக்கப்புறம் டிரான்ஸ்மிட்டர் உங்க கையில இருக்கற வெறும் பொம்மை. அஞ்சு கிலோ அரிசிப் பை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல, யார் சொல் பேச்சும் கேக்காம வர்றதை நினைச்சுப் பாருங்க. மைதான ஓரத்துல வேடிக்கை பாக்க நிக்கறது பெரும்பாலும் சின்னப் பசங்க.

எலெக்ட்ரிக் வந்தப்புறம் இந்த வியாதி தீரும்னு நெனச்சேன். தீரலை. சிசி இருந்த இடத்துல வாட்ஸ் வந்திருக்கு, அவ்வளவுதான். டாங்க் இல்லை, நீடில் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. ஆனா மூக்கில எடை, த்ரஸ்ட் கோணம் ரெண்டும் அப்படியே இருக்கு. எதிரெதிரா சுத்தற இரட்டை ப்ரொப்பெல்லர் போட்டு இடது இழுவையையே கழிச்சுக் கட்டற எஃப்3ஏ ஆளுங்க கூட, அதோட எடையை கிராம் கிராமா எண்ணித்தான் போடறாங்க.

ஆகவே மக்களே, தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள்ள நடுவுல இருக்கற எஞ்சினை எடுங்க. மிச்சம் பிடிச்ச காசுல நாலு விதமான ப்ரொப்பெல்லரும் ஒரு பாக்கெட் வாஷரும் வாங்குங்க. இந்த ஞாயித்துக்கிழமை காலையில சீக்கிரமே போய் பத்து தடவை செங்குத்தா ஏத்திப் பாருங்க. பத்து தடவையும் ஸ்டிக்கைத் தொடாம கோடு போட்ட மாதிரி ஏறிச்சுன்னா, அதுக்கப்புறமும் பவர் பத்தலைன்னு தோணிச்சுன்னா, தாராளமா பெருசு வாங்குங்க. எனக்குத் தெரிஞ்சு அந்தக் கட்டத்துக்குப் போனவங்க ரொம்பக் குறைவு.

டிஸ்கி: ப்ரொப்பெல்லர் சுத்தும்போது நீடிலைத் திருக பின்னாடி இருந்து கையை நீட்டுங்க, முன்னாடி இருந்து இல்லை. எந்த சிசியா இருந்தாலும் விரலுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது.