விறாந்தையில் ஆடினால் சூது, கம்பளத்தில் ஆடினால் தொழிலா?

டொரன்டோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் சென்ற வாரம் எனக்கு நீண்டதொரு மடல் எழுதியிருந்தார். போக்கர் என்பது சூதாட்டமே அன்று, சதுரங்கம் போன்றதோர் அறிவு விளையாட்டு. அதனை இன்னமும் பாவமாகப் பார்ப்பது எமது பிற்போக்குத்தனம் என்பது அவரது வாதம். நானும் அந்த ஆட்டத்தை ஆடியவன் என்பதை அறிந்தே எழுதியிருக்கிறார். என்னையே சாட்சிக்கு அழைக்கிறார் என்றும் சொல்லலாம். சாட்சி சொல்ல நான் தயார். ஆனால் அவர் எதிர்பார்க்கும் சாட்சியத்தை அல்ல.

எனது ஊர் அலவத்துகொட. கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் ஏ9 வீதியில் கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்தால் வரும் சிற்றூர். மிளகுக் கொடியும் கிராம்பு மரமும் இல்லாத வளவு அங்கே குறைவு. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என மூவரும் ஒரே கடையில் தேநீர் குடிக்கும் ஊர். அந்த ஊரில் கடதாசி விளையாட்டு என்றால் முந்நூற்று நான்குதான். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயீனுக்கு 2. ஓர் இனத்துக்கு 76. நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. பெருக்கல் வாய்பாட்டைப் பாடசாலையில் கற்றேன். கூட்டலை இந்த ஆட்டத்தில்தான் கற்றேன். ஆடுதன், கிளாவர் என்று நாம் வாய் நிறையச் சொல்லும் பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. மரண வீட்டில் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டிய ஆண்கள் முற்றத்துப் பந்தலில் அமர்ந்து துரும்பு கேட்பதை ஊரில் எவரும் தவறென்று சொன்னதில்லை.

போக்கர் எங்கள் விறாந்தைக்கு வந்தது பின்னால். 2003 இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர், இணையத்தில் 86 டொலர் கட்டி ஆடிய தகுதிச் சுற்றின் வழியாக லாஸ் வேகாஸின் உலகப் போட்டிக்குச் சென்று, 839 பேரில் முதலாவதாக வந்து 25 இலட்சம் டொலர் பரிசு பெற்றார். அந்தச் செய்தி உலகெங்கும் ஓர் ஆசையை விதைத்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த எனது அக்காவின் மகன் ஒரு பெட்டி நிறைய வண்ண வில்லைகளுடன் வந்து இறங்கினான். "மாமா, இது முந்நூற்று நான்கை விட இலேசு. எதிரில் இருப்பவரின் முகத்தைப் படித்தால் போதும்" என்றான். நாற்பது ஆண்டுகளாக அரசியல்வாதிகளின் முகத்தைப் படித்துப் பிழைத்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் வேறென்ன? ஆடினோம். தலைக்கு நூறு ரூபா. சனி இரவுகளில் ஆறு பேர், சில வேளை எட்டுப் பேர்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். பந்தயம் நூறிலிருந்து ஐந்நூறுக்கும், பின்னர் ஆயிரத்துக்கும் ஏறிய ஓர் இரவில், அயல் வீட்டு இளைஞன் ஒருவன் மிளகு விற்ற பணம் முழுவதையும் எங்களிடம் தோற்றுவிட்டான். அதில் பெரும்பகுதி என் சட்டைப் பையில் இருந்தது. மறுநாள் காலை பாண் வாங்கக் கடைக்குச் சென்றேன். அவனுடைய தாயார் கடன் கொப்பியில் பெயர் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த பாண் சுட்டது. அன்று மாலைக்குள் எல்லோரும் வென்றதைத் திருப்பிக் கொடுத்தோம். பந்தயம் மீண்டும் நூறு ரூபாவுக்கு இறங்கியது. எங்களுக்கு ஒழுக்கம் மிகுந்திருந்ததால் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். மறுநாளும் அதே கடையில் அதே தாயாரின் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பின்னர் 2013 இல் கொழும்புக் கசினோ ஒன்றுக்குச் சென்றேன். அதன் பெயர் இங்கே அவசியமில்லை; எனது வாதம் ஒரு கட்டடத்தின் மீதானதன்று. உணவு இலவசம், மது இலவசம், உபசாரம் மாப்பிள்ளை வீட்டாருக்கு நடப்பது போல. சுவரில் கடிகாரம் மட்டும் இல்லை. ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் ஆறு மணி நேரம் ஆடினேன். கையில் இரண்டு ஆசுகள் வந்தன; சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒருமுறை வரும் கை அது. முன்னிருந்த வில்லைகள் அனைத்தையும் நடுவில் தள்ளினேன். எதிரில் இருந்த இளைஞரின் கையில் இரண்டு ஆடுதன். மேசையில் விரித்த முதல் மூன்று சீட்டுகளில் மேலும் இரண்டு. அவர் வெல்வதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. கடைசிச் சீட்டு ஆடுதனாக விழுந்தது. அறுபதாயிரம் ரூபா போயிற்று.

அதற்காக நான் புலம்பவில்லை. மூன்றில் ஒன்று என்பது அடிக்கடி நிகழக்கூடியதே. என்னைத் தொட்டது வேறொன்று. ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும், நடுவில் குவிந்த வில்லைகளிலிருந்து சிலவற்றைச் சீட்டுப் போடுபவர் விரலால் ஒதுக்கி, மேசையிலிருந்த ஒரு துவாரத்தில் போட்டுக்கொண்டிருந்தார். யார் வென்றாலும் அந்தத் துவாரம் தோற்பதில்லை. மாத்தளை பஸ்ஸில் திரும்பும்போது கடதாசியில் கணக்குப் போட்டேன். ஓர் ஆட்டத்தில் சராசரியாகப் பத்தாயிரம் ரூபா குவிகிறது, அதில் நூற்றுக்கு ஐந்து வீட்டுக்கு என்று கொள்வோம். மணிக்கு முப்பது ஆட்டங்கள். ஒரு மணிக்குப் பதினைந்தாயிரம். ஆறு மணிக்குத் தொண்ணூறாயிரம். ஒன்பது பேரும் தலைக்கு ஐம்பதாயிரத்துடன் வந்திருந்தால் மேசைக்கு வந்த மொத்தப் பணம் நாலரை இலட்சம். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே இரவில் எவருடைய கைக்கும் போகாமல் மறைந்துவிட்டது!

நண்பரே, உங்கள் அறிவு விளையாட்டின் உள்ளடக்கம் இதுதான். போக்கரில் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. நிச்சயமாக உண்டு. ஆனால் அந்தத் திறமை எதை உற்பத்தி செய்கிறது? சதுரங்கத்தில் தோற்றவன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். போக்கரில் திறமையுள்ளவனுக்குச் சம்பளம் கொடுப்பவன் திறமையற்றவன். மணிமேக்கரின் படத்தை உலகம் கண்டது. மற்ற 838 பேரில் பெரும்பாலானோரை எவர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? திறமையுள்ளவனும் முதலில் அந்தத் துவாரத்துக்குக் கப்பம் கட்டிய பின்னரே தன் பங்கை எடுக்க முடியும். வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதில் திறமைச் சூது, அதிர்ஷ்டச் சூது என்ற பாகுபாடு எதுவும் இல்லை.

அந்தப் பாகுபாடு நீதிமன்றங்கள் வளர்த்தது. ரம்மி திறமை ஆட்டம் என இந்திய உச்ச நீதிமன்றம் 1968 இல் கூறியது. போக்கர் சூதே எனக் குஜராத் உயர் நீதிமன்றம் 2017 இல் கூறியது. இணையச் சூதாட்டத்தில் பணமிழந்து உயிரை மாய்த்துக்கொண்டோரின் செய்திகள் குவிந்த பின்னர், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரையுடன் தமிழ்நாடு 2022 இல் ஒரு தடைச் சட்டத்தை இயற்றியது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் எனக் கூறி, அவற்றின் மீதான தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. ஈற்றில் 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்த வழக்காடலின் பின்னர் அவர்கள் வந்து சேர்ந்த இடம் எளிமையானது: கேள்வி திறமை பற்றியதன்று, பணம் பற்றியது.

எமது நாட்டில் அந்தக் கேள்வியே வேறு விதமாகக் கேட்கப்பட்டது: நீ எங்கே அமர்ந்து ஆடுகிறாய்?

வெள்ளையர் ஆட்சியில், 1889 இல் வந்த சூதாட்டக் கட்டளைச் சட்டம், வீதியிலோ பொதுமக்கள் செல்லக்கூடிய இடத்திலோ பந்தயம் வைத்து ஆடுவதைக் குற்றமாக்கியது. இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். வரவேற்பறை உள்ளவன் கதவைச் சாத்திக்கொண்டு நண்பர்களுடன் ஆடலாம். வரவேற்பறை இல்லாதவன் வயலோரத்திலோ பற்றைக்காட்டிலோ ஆடினால் குற்றவாளி. மறுபுறத்தில் 1988 இலேயே பந்தயம், சூதாட்டம் மீது அறவீடு விதிக்கச் சட்டம் வந்துவிட்டது. 2010 இல் கசினோத் தொழிலுக்கெனத் தனிச் சட்டமும் வந்தது. பற்றைக்காட்டுக்கு விலங்கு, கம்பளத்துக்கு உரிமப் பத்திரம்.

இதில் எனக்கும் பங்குண்டு. பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில், பொலிஸ் செய்திக் குறிப்புகளைப் பார்த்து "சூதாடிய எண்மர் கைது, பணமும் சீட்டுக்கட்டும் கைப்பற்றல்" என எத்தனை நூறு செய்திகளை எழுதியிருப்பேன்! பெயர், வயது, ஊர் அனைத்தும் அச்சில். அதே பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்தில் கசினோ முதலீட்டுச் செய்தி, கோட் அணிந்த கனவான்களின் படத்துடன். இரண்டையும் ஒரே இரவில் பக்கம் கட்டி அனுப்பியிருக்கிறேன், கை கூசியதில்லை. ஊரில் முச்சக்கர வண்டி ஓட்டும் ஒருவர்தான் எனக்குப் பாடம் புகட்டினார். அப்படியொரு செய்தியில் அவருடைய பெயரும் வந்திருந்தது. "ஐயா, அவங்க ஆடினா படம் போடுறீங்க. நாங்க ஆடினா பேர் போடுறீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என்னிடம் பதில் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

2025 ஆகஸ்டில், நூறு கோடி டொலருக்கு மேற்பட்ட முதலீட்டில் எழுந்த சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் வளாகம் கொழும்பில் கசினோவுடன் திறக்கப்பட்டது. மும்பையின் நட்சத்திர நடிகர் வந்து சிறப்பித்தார். அதே ஆண்டில், பழைய சட்டங்களின் இடத்தில் நிற்பதற்கெனச் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. கசினோக்களின் மொத்த வசூல் மீதான அறவீடு நூற்றுக்கு 15 இலிருந்து 18 ஆகவும், இலங்கையருக்கான நுழைவுக் கட்டணம் 50 டொலரிலிருந்து 100 டொலராகவும் உயர்த்தப்பட்டன. 2022 இல் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த நாட்டுக்கு வருமானம் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் வருமானத்துக்கு ஒழுக்கத்தின் சட்டையை ஏன் அணிவிக்கிறீர்கள்?

உள்ளூர் மக்களைக் காக்கவே நூறு டொலர் கட்டணம் என்கிறார்கள். ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது காவலன்று, தூண்டில். ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபாவை வாசலிலேயே இழந்து உள்ளே வந்தவன், அதை மீட்கும் வரை எழுந்திருக்க மாட்டான். வசதியுள்ளவனுக்கு அது தேநீர்ச் செலவு. பழக்கத்துக்கு அடிமையானவனுக்கு அது முதலாவது தோல்வி. வெளிநாட்டவரின் பணத்துக்காகவே கசினோ என்றால், உள்நாட்டவனுக்கு வாசலில் விலை குறிப்பது எதற்காக?

கிராமத்துச் சூது புனிதமானது என்று நான் வாதாடுவதாக எவரும் எண்ண வேண்டாம். அந்த மிளகுப் பணம் ஓர் இரவு என் பையில் இருந்தது. எல்லா ஊரிலும் மறுநாள் அது திரும்பக் கிடைப்பதில்லை என்பதையும், சம்பள நாளில் சீட்டுக்குப் போன கூலியால் பட்டினி கிடந்த வீடுகளையும் அறிவேன். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. விறாந்தையில் தோற்ற பணம் அடுத்த வீட்டுக்குப் போகிறது. போன வீட்டைச் சுட்டிக்காட்டலாம், கேட்கலாம், சண்டை பிடிக்கலாம். துவாரத்தில் விழுந்த பணத்தை யாரிடம் கேட்பது? தீமை எங்கே கூடுதலாக இருக்கிறதோ அங்கே சட்டம் கண்ணை மூடுகிறது. எங்கே குறைவாக இருக்கிறதோ அங்கே ஜீப் வண்டியுடன் வருகிறது.

எனது கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொரு கசினோ வாசலிலும், மேசைக்கு வரும் பணத்தில் வீடு எடுக்கும் பங்கு எவ்வளவு என்பதை மூன்று மொழிகளிலும் எழுதி வைக்க வேண்டும். சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படம் கேட்ட நாடு இதையும் கேட்கலாம். இரண்டாவது, நூறு ரூபாவுக்கு ஆடும் கூலித் தொழிலாளியை விலங்கிட்டு நீதிமன்றத்துக்கு இழுப்பதை நிறுத்த வேண்டும். அவனுக்குத் தேவை வழக்கன்று, கடனிலிருந்து மீள வழி. மூன்றாவது எனது தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு: அந்த எண்மரின் பெயர்களை அச்சிடாதீர்கள். அச்சிட்டே ஆக வேண்டுமென்றால், கம்பளத்தில் ஆடியவர்களின் பெயர்களையும் அதே பக்கத்தில் அதே எழுத்தளவில் அச்சிடுங்கள்.

டொரன்டோ நண்பருக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அலவத்துகொடைக்கு வாருங்கள். வண்ண வில்லைப் பெட்டி இன்னமும் அலுமாரியின் மேலே இருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை. முந்நூற்று நான்கு ஆடுவோம். தோற்றவர் தேநீர் போட வேண்டும். உங்கள் அறிவை அங்கே காட்டுங்கள்.